ஐம்பதாயிரத்துக்குள் ஃபிளாக்‌ஷிப் போன்: எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து வாங்குவது எப்படி?

போன தீபாவளி விற்பனையில் ஒரு போன் வாங்கினேன். மூன்று வாரம் வீடியோ விமர்சனங்கள் பார்த்து, தாளில் கோடு போட்டு ஒப்பிட்டு, இந்த விலைக்கு இதைவிட வேகமான போன் கிடையாது என்று உறுதியான பிறகுதான் வாங்கினேன். போன் வேகமாகத்தான் இருந்தது. ஆனால் தங்கையின் வளைகாப்பில் மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று எடுத்த படங்களில் எல்லாம் அவள் முகம் மெழுகு பூசியது போல வந்தது. நான்காவது மாதம் மைக் போனது. தஞ்சாவூரில் அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இல்லை. திருச்சிக்கு பஸ் ஏறிப் போனால், “பில்லில் இருக்கிற ஐஎம்இஐ நம்பர் வேற, போன்ல இருக்கிறது வேற சார், வாரண்டி வராது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். (ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்.) அதைச் சரிசெய்ய 43 நாள் அலைந்தேன்.

இத்தனைக்கும் நான் கேம் விளையாடுகிற ஆளே இல்லை. யாருக்காக அந்த வேகத்தை வாங்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒரு கம்பெனியின் மிக உயர்ந்த ரகப் போனைத்தான் ஃபிளாக்‌ஷிப் என்கிறார்கள். மலிவு விலையில் ஃபிளாக்‌ஷிப் என்றால், முழு ஃபிளாக்‌ஷிப்பில் இருப்பதில் ஏதோ ஒன்றைக் கம்பெனி வெட்டியிருக்கிறது என்று பொருள். வெட்டாமல் அந்த விலைக்குத் தர முடியாது. அதில் தவறும் இல்லை. வெட்டிய இடம் உங்களுக்கு வேண்டாத இடமாக இருந்தால் லாபம். நீங்கள் தினமும் தொடுகிற இடமாக இருந்தால் என் கதைதான். கீழே இருக்கிற வரிசைப்படி போனால் இரண்டு வாரத்தில் நிதானமாக வாங்கிவிடலாம்.

1. முதலில் உங்கள் பழைய போனைப் படியுங்கள்

புதுப் போன்களைப் பார்க்கும் முன், கையில் இருக்கும் போனின் செட்டிங்ஸில் மூன்று இடங்களைத் திறந்து பாருங்கள். எந்தச் செயலியில் எத்தனை மணி நேரம் போகிறது என்பது ஒன்று. சேமிப்பிடத்தில் எத்தனை ஜிபி நிரம்பியிருக்கிறது என்பது இரண்டு. பேட்டரி எத்தனை மணிக்குத் தீர்கிறது என்பது மூன்று. இவற்றோடு, கடைசி ஆறு மாதத்தில் எடுத்த படங்களையும் ஒரு முறை புரட்டுங்கள். பகலா, இரவா? பக்கத்திலா, தூரத்திலா? குழந்தை ஓடுகிறதா, உட்கார்ந்திருக்கிறதா?

எனக்கு வந்த விடை: வாட்ஸ்அப், வீடியோ, வங்கிச் செயலிகள், இரவு நேர விசேஷப் படங்கள். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தால் அந்தப் போனை வாங்கியிருக்கவே மாட்டேன்.

2. வெட்டிய இடத்தைத் தேடுங்கள்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது சிப் (போனின் மூளை), திரை, சார்ஜிங் வேகம். இந்த மூன்றிலும் பெரும்பாலும் கை வைக்க மாட்டார்கள். கத்தி விழுவது அடுத்த வரிசையில்: இரண்டாவது, மூன்றாவது கேமரா, ஒயர்லெஸ் சார்ஜிங், கேபிளில் கோப்புகளை மாற்றும் யுஎஸ்பி வேகம், தண்ணீர்த் தடுப்பு, திரைக் கண்ணாடி, அப்டேட் தரும் ஆண்டுகள். கம்பெனியின் தளத்தில் அந்தப் போனின் முழு விவரப் பக்கத்தைத் திறந்து, என்ன இருக்கிறது என்று படிப்பதைவிட என்ன எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று தேடுங்கள். ஒயர்லெஸ் சார்ஜிங் பற்றி ஒரு வரியும் இல்லையா? அது இல்லை என்றே அர்த்தம்.

மூன்று போன்களை எடுத்துப் பார்ப்போம். மூன்றும் வேறு வேறு இடத்தில் வெட்டப்பட்டவை, அதனால் பயிற்சிக்கு நல்லது. விலைகள் எல்லாம் வெளியான போது அறிவித்தவை.

ஒன்பிளஸ் 13ஆர், 2025 ஜனவரியில் ₹42,999க்கு வந்தது. 12 ஜிபி ரேம், 256 ஜிபி இடம். ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3 சிப் முந்தைய ஆண்டின் பெரிய போன்களில் ஓடியது; இன்னும் பல வருடத்துக்குத் தாங்கும். 6,000 எம்ஏஎச் பேட்டரி, 80 வாட் சார்ஜர் பெட்டியிலேயே வரும், ஒரு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். இரண்டு மடங்கு நெருக்கிக் காட்டும் தனி லென்ஸ் இருக்கிறது. வெட்டிய இடங்கள்: ஒயர்லெஸ் சார்ஜிங் இல்லை, அகலக் கோணக் கேமரா வெறும் 8 மெகாபிக்சல், யுஎஸ்பி பழைய 2.0 வேகம், தண்ணீர்த் தடுப்பு ஐபி65 மட்டும். அதாவது தூறல், தெறிப்பு தாங்கும். வாளியில் விழுந்தால் பொறுப்பில்லை.

கூகுள் பிக்சல் 9ஏ, 2025 ஏப்ரலில் இங்கே விற்பனைக்கு வந்தது, ₹49,999. முதன்மைக் கேமராவும் அதன் பின்னால் வேலை செய்யும் மென்பொருளும்தான் இதன் பலம். ஓடுகிற குழந்தையை மங்கலான வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள், புரியும். தண்ணீரில் மூழ்கினாலும் ஓரளவு தாங்கும் ஐபி68 உண்டு, ஏழு ஆண்டு அப்டேட் உண்டு, 186 கிராம்தான், ஒரு கையில் அடங்கும். வெட்டிய இடங்கள்: தூரத்தை நெருக்கும் தனி லென்ஸ் இல்லை, ரேம் 8 ஜிபி, கண்ணாடி பழைய கொரில்லா கிளாஸ் 3, சார்ஜிங் 23 வாட், சார்ஜர் பெட்டியில் கிடையாது. டென்சர் ஜி4 சிப் தினசரி வேலைக்குப் போதும். கேம் பிரியர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது. 200 முறை முழுசாகச் சார்ஜ் ஏறிய பிறகு, பேட்டரியைப் பாதுகாக்க என்று இந்தப் போன் அதன் மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கும். அதை நாம் அணைக்க முடியாது. இரண்டாம் ஆண்டில் சார்ஜ் சீக்கிரம் இறங்குவதாகத் தோன்றினால் இதுவும் ஒரு காரணம்.

சாம்சங் எஸ்24 எஃப்இ, 2024 அக்டோபரில் ₹59,999க்கு வந்தது. ஐம்பதாயிரம் என்று சொல்லிவிட்டு இதை ஏன் சேர்க்கிறேன் என்றால், ஓராண்டுக்குள் பண்டிகை விற்பனையில் கிட்டத்தட்ட பாதி விலைக்கு இறங்கிவிட்டது. மூன்று மடங்கு நெருக்கும் லென்ஸ், ஐபி68, ஒயர்லெஸ் சார்ஜிங், ஏழு ஆண்டு அப்டேட் எல்லாம் உண்டு. வெட்டியது: முழு எஸ்24இன் சிப்புக்குப் பதில் சற்றே குறைத்த எக்சினாஸ் 2400இ, 4,700 எம்ஏஎச் பேட்டரி, 25 வாட் சார்ஜிங். அடிப்படை விலையில் 128 ஜிபிதான்.

இப்போது உங்கள் துண்டுச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். நாள் முழுக்க வெளியே சுற்றுபவர், வண்டியில் மேப் போட்டு ஓட்டுபவர் என்றால் முதல் போனின் பேட்டரி உங்களுக்கானது. பிள்ளைகளைப் படம் எடுப்பதுதான் முக்கிய வேலை என்றால் இரண்டாவது. மேடையில் நடப்பதைப் பின்வரிசையிலிருந்து எடுக்க வேண்டுமா? மூன்றாவது. என்னைக் கேட்டால், வளைகாப்புக்கு முன்பே எனக்கு மூன்றாவது தேவைப்பட்டிருக்கிறது. நான் வாங்கியதோ முதல் வகை.

3. பெயரில் இருக்கும் பொறிகள்

ஓர் எழுத்தில் ஏமாறுவது இங்கேதான். ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3 வேறு, 8எஸ் ஜென் 3 வேறு. அந்த ‘எஸ்’ சேர்ந்தால் வேகமும் கிராஃபிக்ஸ் பலமும் ஒரு படி குறைவு. மோசமான சிப் இல்லை. ஆனால் ‘ஃபிளாக்‌ஷிப் சிப்’ என்று இரண்டுக்கும் ஒரே விளம்பரம் ஓடும். கடைப் பையனும் ஒன்றுதான் சார் என்பார்.

“12 + 12 ஜிபி ரேம்” என்று எழுதியிருந்தால் இரண்டாவது 12 ரேமே இல்லை. சேமிப்பிடத்தில் ஒரு மூலையை ரேம் போலப் பயன்படுத்துவது அது. கணக்கில் எடுக்காதீர்கள்.

“மூன்று கேமரா” என்று இருந்தால் மூன்றாவது என்ன என்று பாருங்கள். 2 மெகாபிக்சல் மேக்ரோ (மிக அருகில் வைத்து எடுக்கும் கேமரா) என்றால் அது எண்ணிக்கைக்கு ஒட்டியது. அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்திருந்தாலும் ஒன்றுதான்.

திரையின் உச்ச வெளிச்சம் 4,500 நிட்ஸ் என்றால் திரை முழுக்க அவ்வளவு எரியும் என்று அர்த்தமில்லை. சில வீடியோக்களில், திரையின் ஒரு சிறு பகுதியில், சில நொடிகள் மட்டும் எட்டும் எண் அது. மதியம் பன்னிரண்டு மணிக்குக் கடை வாசலில் நின்று மேப் தெரிகிறதா என்று பார்ப்பதே போதும்.

ஐபி68 என்று போட்டிருக்கிறதே, தண்ணீர் புகுந்தால் வாரண்டியில் மாற்றித் தருவார்கள்தானே என்று கேட்காதீர்கள். தர மாட்டார்கள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில், ஆய்வகத்தில் செய்வது. வாரண்டி விதிகளில் தண்ணீர்ச் சேதம் தனியாக விலக்கப்பட்டிருக்கும்.

4. அப்டேட் ஆண்டுகளை எங்கிருந்து எண்ணுவது?

நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, போன் வெளியான நாளிலிருந்து. போன வருட ஃபிளாக்‌ஷிப்பை விலை இறங்கியதும் வாங்குபவர்கள் கோட்டை விடுவது இதில்தான். 2023 பிப்ரவரியில் வந்த சாம்சங் எஸ்23க்கு ஐந்து ஆண்டு பாதுகாப்பு அப்டேட் என்றால் 2028 தொடக்கத்தோடு முடிந்துவிடும். அதை 2026இல் வாங்கினால் கையில் இருப்பது இரண்டே ஆண்டு. 2024 ஜனவரியில் வந்த எஸ்24க்கு ஏழு ஆண்டு, 2031 வரை. இரண்டுக்கும் விலையில் சில ஆயிரம்தான் வித்தியாசம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஒன்பிளஸ் 13ஆருக்கு நான்கு ஆண்ட்ராய்டு மாற்றம், ஆறு ஆண்டு பாதுகாப்பு அப்டேட். விலையை மீதமிருக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். மலிவு என்று நினைத்தது சில நேரம் மலிவாக இருக்காது.

5. சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர்?

கம்பெனியின் தளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த மாடலுக்குத் திரை கையிருப்பில் உண்டா, மாற்ற எத்தனை நாள், வாரண்டி இல்லாமல் எவ்வளவு? பல கம்பெனிகள் உதிரி பாகங்களின் விலைப் பட்டியலைத் தளத்திலேயே போட்டிருக்கின்றன. இந்த ரகப் போன்களுக்குத் திரை மாற்ற ஐந்து இலக்கத்தில் கேட்பது சகஜம். சென்னை, கோவை ஆட்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. எங்களைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு ரிப்பேர் என்றால் ஒரு நாள் லீவு, இரண்டு பஸ் டிக்கெட்.

6. கடையில் கையில் எடுத்து 15 நிமிடம்

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தாலும் ஒரு கடைக்குப் போய்க் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிச்சத்தை மிகக் குறைத்து, சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திறந்து திரையில் பச்சையோ ரோஜாவோ சாயல் ஓடுகிறதா என்று கவனியுங்கள். வீடியோ ஓடும்போதே லென்ஸை மாற்றுங்கள். நிறம் குதிக்கும் போன்கள் உண்டு. கடையின் இருட்டு மூலையை அகலக் கோணத்தில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், 8 மெகாபிக்சல் என்றால் என்ன என்று அங்கேயே தெரிந்துவிடும். ஐந்து நிமிடம் 4கே வீடியோ ஓடவிட்டு முதுகைத் தொட்டுப் பாருங்கள். முடிந்தால் உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசுங்கள். டெமோ போனில் சிம் போட விடாத கடைகள்தான் அதிகம், கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

எடையும் பார்க்க வேண்டியதே. 206 கிராம் போனைப் படுத்துக்கொண்டு அரை மணி நேரம் பிடித்தால் மணிக்கட்டு சொல்லும்.

7. விலை என்று எழுதியிருப்பது விலை இல்லை

போனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 2020 ஏப்ரலிலிருந்து அப்படித்தான். 2025 செப்டம்பரில் பல பொருள்களுக்கு வரி இறங்கியபோதும் போனுக்கு இறங்கவில்லை. இந்த வரி, எழுதியிருக்கும் விலைக்குள்ளேயே இருக்கிறது. ₹42,999இல் சுமார் ₹6,559 வரி. அதனால் “பில் இல்லாம எடுத்தா குறைச்சுத் தர்றேன்” என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். பில் இல்லாத போனுக்கு வாரண்டியும் தகராறு, தொலைந்தால் புகாரும் தகராறு. தொழில் வைத்திருப்பவர்கள் தங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் பில்லில் போடச் சொன்னால், தொழிலுக்கு வாங்கும் போனின் வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். ஆர்டர் போடும்போதே எண்ணைக் கொடுக்க வேண்டும், பிறகு மாற்ற மாட்டார்கள்.

அப்புறம் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’. பெயரில்தான் செலவு இல்லை. வங்கி வட்டி போடும்; அந்த வட்டி அளவுக்கு விற்பவர் முன்கூட்டியே தள்ளுபடி தருவார். ஆனால் வட்டியின் மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில். ₹42,999ஐ ஆறு மாதத் தவணையாக, 16 சதவீத வட்டியில் போட்டால் வட்டி சுமார் ₹1,940, அதற்கு ஜிஎஸ்டி ₹349. வங்கியின் செயல்முறைக் கட்டணம் ₹199 என்று வைத்தால் வரியோடு ₹235. ஆக ₹584 கூடுதல். பெரிய தொகை இல்லை. ஆனால் முழுப் பணம் கட்டுபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி இஎம்ஐக்குக் கிடைக்காமல் போவதும் உண்டு, அதுதான் பெரிய ஓட்டை. கடைசித் திரையில் இரண்டு வழியையும் மாற்றி மாற்றிப் போட்டு மொத்தத் தொகையை ஒப்பிட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வங்கித் தள்ளுபடியில் ‘10 சதவீதம்’ என்பதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் உச்ச வரம்பு இருக்கும். ‘இவ்வளவு ரூபாயிலிருந்து’ என்று விளம்பரத்தில் வரும் எண்ணில் இந்தத் தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச் போனஸ் எல்லாம் ஏற்கெனவே கழித்திருப்பார்கள். கையில் அந்தக் கார்டு இல்லை என்றால் அது உங்கள் விலை இல்லை. நேரடிக் கடையில் கார்டு தேய்த்தால் 2 சதவீதம் கூடுதலாகக் கேட்பார்கள், பேரம் பேசும்போதே “கார்டுக்கும் இதே விலைதானே?” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய போன் எக்ஸ்சேஞ்சில், திரையில் காட்டும் மதிப்பை முழுசாக நம்ப வேண்டாம். வீட்டுக்கு வருபவர் கீறல், பட்டன், ஸ்பீக்கர் எல்லாம் சோதித்துவிட்டுத்தான் முடிவு சொல்வார். ஆர்டரில் கொடுத்த அதே போன், அதே ஐஎம்இஐ இருக்க வேண்டும். கூகுள் கணக்கை வெளியேற்றிவிட்டு ரீசெட் செய்யுங்கள். கணக்கை வெளியேற்றாமல் ரீசெட் செய்தால் போன் பூட்டிக்கொண்டு எடுக்க மறுத்துவிடலாம்.

கடைசியாக, சார்ஜர் இல்லாத போன் என்றால் அதன் விலையையும் கூட்டுங்கள். பிக்சலுக்கும் சாம்சங்குக்கும் பிபிஎஸ் வசதி (போன் கேட்கும் அளவுக்கு மின்னழுத்தத்தை மாற்றித் தருவது) உள்ள சார்ஜர் வாங்குங்கள், இல்லையென்றால் சொன்ன வேகம் கிடைக்காது. உறை, திரைக் கண்ணாடி சேர்த்து இரண்டாயிரம், மூன்றாயிரம் ஒதுக்கி வையுங்கள்.

8. எப்போது வாங்குவது?

அவசரம் இல்லையென்றால் குடியரசு தினம், சுதந்திர தினம், தீபாவளிக்கு முந்தைய விற்பனை, இந்த மூன்றையும் பாருங்கள். கடைசியதில்தான் நல்ல விலை. ஆனால் விற்பனைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே விலையைக் குறித்து வையுங்கள்; விலையை ஏற்றிவிட்டு இறக்குகிற வித்தை உங்கள் நோட்டில் பிடிபடும். புது மாடல் வரப்போகும் மாதத்தில் பழையது இறங்கும். முதல் வாரத்தில் வாங்குபவர்தான் முழு விலை கொடுக்கிறார், மென்பொருள் கோளாறுகளையும் அவரே கண்டுபிடித்துத் தருகிறார். மூன்று மாதம் பொறுத்தால் இரண்டிலும் தப்பிக்கலாம்.

9. பெட்டி வந்த அன்று

என் 43 நாளும் இந்த ஒரு படியில் தவறியதால் வந்தவை. ‘ஓபன் பாக்ஸ் டெலிவரி’ இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். கொண்டுவருபவர் உங்கள் முன்னால் பெட்டியைத் திறந்து காட்டுவார். பார்த்து முடிக்கும் வரை ஓடிபி சொல்லாதீர்கள். அவர் அவசரப்படுத்துவார். பாவம், அவருக்கு இன்னும் முப்பது வீடு இருக்கும். இருந்தாலும் சொல்லாதீர்கள். அந்த வசதி இல்லையென்றால், ஒட்டிய நிலையில் பெட்டியை ஆறு பக்கமும் காட்டி, வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்.

போனை ஆன் செய்ததும் *#06# அழுத்துங்கள். 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும், இரண்டு சிம் என்றால் இரண்டு எண். போனில் இருப்பது, பெட்டியின் ஒட்டுச்சீட்டில் இருப்பது, பில்லில் இருப்பது, மூன்றையும் இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். கடைசி நான்கு எண் ஒத்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். நான் அதைக்கூடப் பார்க்கவில்லை. விற்பவர் இரண்டு பேருடைய பில்லை மாற்றிப் போட்டிருந்தார். பிறகு மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி தளத்திலோ செயலியிலோ அந்த எண்ணைப் போட்டால் போன் எந்தக் கம்பெனி, எந்த மாடல், முடக்கப்பட்டதா என்று காட்டும். இணையம் இல்லாவிட்டால் கே-ஒய்-எம் (KYM) என்று மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, 15 இலக்க எண், இதை 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினாலும் பதில் வரும்.

அன்றே சேமித்து வைக்க வேண்டியவை: பில்லின் பிடிஎஃப் (தளத்திலேயே இருக்கட்டும் என்று விடாதீர்கள்), பெட்டி ஒட்டுச்சீட்டின் படம், டெலிவரி ஆன தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், வாரண்டி விதிகள் உள்ள பக்கம். எல்லாவற்றையும் உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். போனுக்கு ஓராண்டு வாரண்டி என்றாலும் சார்ஜர், கேபிளுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம்தான். இதே பில்தான் போன் தொலைந்தால் காவல் நிலையப் புகாரோடும் அடையாள அட்டையோடும் சேர்த்து, சஞ்சார் சாத்தியில் போனை முடக்கவும் உதவும்.

பழைய போனை அன்றைக்கே கொடுத்துவிடாமல் இருக்க முடிந்தால் நல்லது. புதுப் போனில் யுபிஐ பதிவு செய்தால் முதல் 24 மணி நேரத்துக்கு ₹5,000க்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு இருக்கும். வாடகை கட்டுகிற தேதியில் போன் மாற்றாதீர்கள்.

10. முதல் ஏழு நாள்

பெரும்பாலான தளங்களில் போனுக்கு ஏழு நாள் மாற்று வசதி மட்டும்தான், பணம் திரும்ப வராது. பிடிக்கவில்லை என்பது காரணம் ஆகாது. பழுது இருக்க வேண்டும். அதனால் இந்த ஏழு நாளில் போனைச் சும்மா வைத்திருக்காமல் வேலை வாங்குங்கள். நீண்ட கால், ஸ்பீக்கரில் கால், குரல் பதிவு, ஹாட்ஸ்பாட், வெளியே நடக்கும்போது மேப், இரண்டு சிம்மிலும் 5ஜி, இரவில் முழு இருட்டில் திரை. வீட்டின் உள்ளறையில் சிக்னல் எப்படி என்றும் பாருங்கள்.

ஏதாவது பழுது தெரிந்தால் எட்டாம் நாள் வரை காத்திருக்காதீர்கள். சில கம்பெனிகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ‘டிஓஏ’ சான்று, அதாவது வரும்போதே பழுதாக வந்தது என்ற எழுத்து, வாங்கி வரச் சொல்வார்கள். அதற்கே இரண்டு நாள் போகும். நடுவில் ஞாயிறு வந்தால் மூன்று. நான்காம் நாளுக்குள் புகார் பதிவானால் பாதுகாப்பு.

11. பிரச்சினை வந்துவிட்டால்

சர்வீஸ் சென்டரில் கொடுக்கும்போதும், மறுத்துத் திருப்பி அனுப்பும்போதும் ஜாப் ஷீட் (என்ன பழுது, என்ன செய்தார்கள் என்று எழுதித் தரும் சீட்டு) கேட்டு வாங்குங்கள். “வாயால சொன்னா போதும் சார்” என்பார்கள், போதாது. மறுத்ததற்கான காரணம் எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து, விற்ற தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல். பெயரும் முகவரியும் அந்தத் தளத்தின் அடியில் எங்காவது இருக்கும். இருந்தே ஆக வேண்டும். 2020இன் மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நான் செய்த தவறு, அந்த ஒரு மாதத்தையும் பொறுமையாகக் காத்திருந்தது. நீங்கள் மின்னஞ்சல் போட்ட அதே வாரமே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் அழைத்துவிடுங்கள். தமிழிலேயே பேசலாம். பில், ஜாப் ஷீட், மின்னஞ்சல் நகல் மூன்றையும் தயாராக வைத்துக்கொண்டு அழையுங்கள். பதிவு எண் ஒன்று தருவார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

எனக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. 31ஆம் நாள் 1915க்கு அழைத்தேன், 43ஆம் நாள் சரியான ஐஎம்இஐ எண்ணோடு திருத்திய பில் மின்னஞ்சலில் வந்தது. மறுநாள் காலை திருச்சி பஸ். மைக் மாற்ற இருபது நிமிடம்தான் ஆனது, காசு வாங்கவில்லை.